பிரேக்-அபார்ட் புரோபா, ஃப்யூஷன் புரோபா: கட்டித் திசுவில் எதை முதலில் போடுவது?

மரபணு இடம்மாறியிருக்கிறதா என்று கட்டித் திசுவில் பார்க்க, ஃபிஷ் (FISH, ஒளிரும் நிறத்தால் டிஎன்ஏ-வை அடையாளம் காணும்) பரிசோதனையில் இரண்டு வகை புரோப்கள், அதாவது நிறமேற்றிய டிஎன்ஏ துண்டுகள், உண்டு. பிரேக்-அபார்ட் புரோப் ஒரே மரபணுவின் இரு பக்கமும் சிவப்பு, பச்சை என்று ஒட்டிக்கொள்ளும். மரபணு முழுசாக இருந்தால் இரண்டும் சேர்ந்தே தெரியும், உடைந்திருந்தால் பிரிந்து நிற்கும். ஃப்யூஷன் புரோப் இதற்குத் தலைகீழ். இரண்டு மரபணுக்களுக்கு ஆளுக்கொரு நிறம், அவை இணைந்தால்தான் நிறங்களும் சேரும்.

சிஎம்எல் ரத்தப் புற்றுநோயில் பிசிஆர்-ஏபிஎல்1 (BCR-ABL1) மரபணு ஜோடி மாறாது, அதனால் ஃப்யூஷன் புரோப் அங்கே கச்சிதம். கட்டிகளில் அப்படி இல்லை. நுரையீரல் புற்றுநோயில் ஆல்க் (ALK) மரபணு பெரும்பாலும் ஈஎம்எல்4-உடன் சேரும், ஆனால் கேஐஎஃப்5பி, டிஎஃப்ஜி என்று வேறு கூட்டாளிகளும் உண்டு. யாரோடு சேர்ந்தாலும் பிரேக்-அபார்ட் காட்டிவிடும். பாரஃபின் மெழுகில் பதித்த திசுவின் வெட்டில் ஃப்யூஷன் புரோபுக்கு இன்னொரு தொல்லை: 4 மைக்ரான் தடிமனில் உட்கருக்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும், சம்பந்தமில்லாத சிவப்பும் பச்சையும் தற்செயலாகச் சேர்ந்து இணைவு போலவே தெரியும். ஆகவே முதலில் பிரேக்-அபார்ட், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அதைப் படிப்பது சுலபம் என்று நினைக்க வேண்டாம். ஆல்க், ஈஎம்எல்4 இரண்டும் 2-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையிலேயே, சுமார் 1.2 கோடி காரச்சோடி தள்ளி இருக்கின்றன. துண்டு திரும்பிக்கொள்ளும்போது விழும் இடைவெளி சின்னது. 2011-இல் கிரிசோடினிப் மருந்தோடு அமெரிக்காவில் அனுமதி பெற்ற கிட்டில் விதி இதுதான்: இரண்டு புள்ளி அகலமாவது விலகியிருந்தால் உடைவு. தனிச் சிவப்பும் பாசிட்டிவ்தான், ஏனென்றால் புற்றைத் தூண்டும் நொதிப் பகுதி (கைனேஸ்) அந்தப் பக்கம். தனிப் பச்சையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 50 புற்றுசெல்களில் 5-க்குக் கீழே என்றால் நெகட்டிவ், 25-க்கு மேலே என்றால் பாசிட்டிவ். நடுவில் வந்தால் இன்னொருவர் வேறு 50 எண்ண வேண்டும், சராசரி 15 சதவீதம் தொட்டால் பாசிட்டிவ். ராஸ்1 (ROS1) என்ற இன்னொரு மரபணுவுக்குப் போகும்போது கவனம்: கிட்டுக்குக் கிட்டு நிறம் இடம் மாறும்.

பிரேக்-அபார்ட் திணறும் இடம் ஈடபிள்யூஎஸ்ஆர்1 (EWSR1) மரபணு. உடைந்தது என்று மட்டும்தான் சொல்லும், கூட்டாளி யார் என்று சொல்லாது. ஃபிளை1 என்றால் யூயிங் சார்கோமா, டபிள்யூடி1 என்றால் டெஸ்மோபிளாஸ்டிக் கட்டி. சிகிச்சை அதைப் பொறுத்தது. யூயிங்கின் இன்னொரு கூட்டாளியான எர்க் (ERG) இன்னும் மோசம். ஈடபிள்யூஎஸ்ஆர்1, எர்க் இரண்டும் எதிரெதிர் திசையில் படிக்கப்படுவதால் நேரடி இடமாற்றத்தில் இணைய முடியாது, சிக்கலான வழியில்தான் சேரும். அப்போது பிரேக்-அபார்ட் நெகட்டிவ் காட்டலாம். ஸ்லைடு யூயிங் மாதிரி இருக்கிறது, சிடி99 புரதச் சாயம் செல்சவ்வில் பளிச்சென்று வந்திருக்கிறது, ஃபிஷ் மட்டும் நெகட்டிவ் என்றால் ரிப்போர்ட்டை முடித்துவிடாதீர்கள். ஃப்யூஷன் புரோபுக்கு உண்மையான வேலை இங்கேதான்.

என்டிஆர்கே (NTRK) மூன்று மரபணு, மூன்று தனிப் புரோப். அங்கே ஆர்என்ஏ சீக்வென்சிங் நல்லது, மெழுகில் பதித்த திசுக் கட்டி (பிளாக்) பழசாகி ஆர்என்ஏ சிதையாமல் இருந்தால். ஆல்க்-க்கு டி5எஃப்3 ஐஎச்சி (ஆன்டிபாடியால் புரதத்தைச் சாயமிட்டுக் காட்டும் சோதனை) மலிவு, வேகம், 2015 முதல் அதற்கும் அமெரிக்க அனுமதி உண்டு. பயாப்ஸி சின்னதாக இருந்தால் முதல் தடவை வெட்டும்போதே சாயம் போடாத ஸ்லைடுகள் சிலவற்றை எடுத்து வையுங்கள். அப்புறம் மறுபடி பிளாக்கைத் தட்டையாக்கிச் சீவும்போதே பாதித் திசு போய்விடும்.