ஹிமாலயன் 411, எக்ஸ்பல்ஸ் 200: எந்த டயர் யாருக்கு?

80/20, 50/50, 40/60 என்று டயர் விளம்பரத்தில் வரும் கணக்கை மட்டும் நம்பி டயர் வாங்காதீர்கள். முதல் எண் தார் ரோட்டுக்கு, இரண்டாவது மண்ணுக்கு என்கிறார்கள். அதை அளக்க எந்தத் தர அமைப்பும் இல்லை. அந்தந்தக் கம்பெனி தன் டயருக்குத் தானே போட்டுக்கொள்ளும் மார்க் அது. ஒரு கம்பெனியின் 50/50 இன்னொரு கம்பெனியின் 70/30 அளவுக்குத்தான் மண்ணில் பிடிக்கும். நீங்கள் அடிக்கடி போகும் வழியில் உங்களைக் கீழே தள்ளக்கூடிய தரை எது, அது மழையில் எப்படி மாறும் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 411, ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 ஆகிய இரண்டு பைக்குக்கும் முன் டயர் 90/90-21: அகலம் 90 மி.மீ., சைடுவால் (டயரின் பக்கச்சுவர்) உயரம் அந்த அகலத்தில் 90 சதவீதம், ரிம் 21 இஞ்ச். பின்னால் ஹிமாலயன் 411-க்கு 120/90-17, எக்ஸ்பல்ஸுக்கு 120/80-18. இரண்டுமே டியூப் போட்ட ஸ்போக் சக்கரங்கள். அளவை மாற்றும் ஆசை பலருக்கு உண்டு. 120/90-க்குப் பதில் 130/80-17 போட்டால் சைடுவால் உயரம் 108 மி.மீ.யிலிருந்து 104-ஆகக் குறையும். அகலம் 10 மி.மீ. கூடும். பார்க்க எடுப்பாக இருக்கும், ஆனால் மண்ணில் பிடிப்பு கூடாது. குறுகலான ரிம்மில் அகல டயர் ஏறினால் ஓரங்கள் உள்ளே இழுபட்டு நடுப்பகுதி உப்பிக்கொள்ளும், பிறகு நடுமுதுகு மட்டும் தேயும். கம்பெனி அளவிலேயே இருங்கள்.

வண்டியோடு வரும் சியட் கிரிப் எக்ஸ்.எல்.லைத் தூக்கிப்போடச் சொல்பவர்கள் அவசரப்படுகிறார்கள். தார் ரோடும், ஜல்லி கொட்டிய எஸ்டேட் பாதையும், காய்ந்த மண் தடமும்தான் உங்கள் ஓட்டம் என்றால் அதையே திரும்பப் போடலாம். எந்த ஊரிலும் கிடைக்கும், விலையும் கைக்கு அடக்கம். அது தோற்கும் இடம் கரிசல். கோவில்பட்டி பக்கத்துக் கரிசலில் ஒரு மழை பெய்தால் பட்டன்களுக்கு (டயரில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகளுக்கு) நடுவிலுள்ள பள்ளம் சில மீட்டருக்குள் அடைபட்டு, டயர் மொட்டையாகிவிடும். இந்த மண்ணில் பட்டனின் உயரத்தைவிட பட்டன்களுக்கு இடையிலுள்ள இடைவெளிதான் முக்கியம். இடைவெளி அகலமாக இருந்தால் சக்கரம் சுற்றும் வேகத்தில் சேறு தானாகத் தெறித்து விழும். 411-இல் சக்கரத்தை ஒட்டியிருக்கும் கீழ் மட்கார்டையும் கவனியுங்கள்: கரிசல் அங்கே அடைத்துக்கொண்டால் முன் சக்கரமே நின்றுவிடும்.

மெட்ஸலர் டூரன்ஸ் நேர் எதிர்ப்பக்கம். பழைய கே.டி.எம். 390 அட்வென்ச்சரில் வந்த அதே டயர்தான். தரையில் படும் ரப்பர் அதிகம், பள்ளம் குறைவு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ வால்பாறை ஏற்றத்திலோ மழையில் பிரேக் பிடிக்கும்போது, இங்கே பேசும் டயர்களில் இதற்குத்தான் என் ஓட்டு. சேற்றில் இறங்கினால் கிரிப் எக்ஸ்.எல்.லைவிடவும் மோசம். மண்ணில் வருடத்துக்கு நாலு நாள் மட்டும் இறங்குபவர் இதைப் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நடுவில் நிற்கும் மிட்டாஸ் இ-07-க்கும் ஹெய்டனாவ் கே60 ஸ்கவுட்டுக்கும்தான் உண்மையான போட்டி. கே60-இன் ரப்பர் கெட்டி. தேயவே தேயாது என்கிற பெயர் அதற்கு உண்டு, லடாக் வரை போய்த் திரும்பும் நீண்ட ஓட்டத்துக்கு அதனால்தான் தேடுகிறார்கள். அதே கெட்டித்தன்மைதான் அதன் குறையும்: மழை நாளில் பாசி பிடித்த சிமெண்ட் ரோட்டிலும், ரோட்டில் அடித்த வெள்ளைக் கோட்டிலும் பின் சக்கரம் சட்டென்று வாரும். இ-07 கொஞ்சம் சீக்கிரம் தேயும், ஈரத்தில் கூடுதல் நம்பிக்கை தரும். தமிழ்நாட்டு மழைக்கும் மலைக்கும் நான் இ-07 பக்கம். வாங்கும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: அதே டயரில் டக்கார் என்ற வகை உண்டு, மஞ்சள் கோடு போட்டிருக்கும். அது பெரிய கனமான வண்டிகளுக்காகக் கூடுதல் அடுக்கு வைத்துச் செய்தது. எக்ஸ்பல்ஸ் மாதிரி இலகுவான வண்டியில் அந்தச் சைடுவால் வளைந்தே கொடுக்காது. கல்லில் தத்தும், பஞ்சர் போட ரிம்மிலிருந்து கழற்றுவதும் பெரும்பாடு.

கான்டினென்டல் டி.கே.சி. 80 பட்டன் டயர். பெரிய பெரிய கட்டைகள், அகலமான இடைவெளி, மென்மையான ரப்பர். திருச்செந்தூர் பக்கத்துத் தேரிச் செம்மணலிலும் கரிசலிலும் மேலே சொன்ன எதுவும் இதன் அருகில் வராது. மென்மையான ரப்பர் என்பதால் காய்ந்த தாரிலும் எதிர்பார்த்ததைவிட நன்றாகப் பிடிக்கும். அதற்கு விலை ஆயுள். உயரமான பட்டன் ஒவ்வொரு முறை தரையைத் தொடும்போதும் வளைந்து நிமிரும். அந்த அசைவில் சூடேறும். சித்திரை வெயிலில், குறைந்த காற்றோடு, நாலுவழிச் சாலையில் மணிக்கு 100 கி.மீ. தொடர்ந்து போனால் பட்டன்கள் துண்டு துண்டாகப் பிய்யும். முன் டயரில் பட்டனின் ஒரு விளிம்பு மட்டும் ரம்பப்பல் மாதிரி தேய்ந்து, ஹேண்டிலில் உதறலும் ஊளைச் சத்தமும் வரும்.

முன்னும் பின்னும் ஒரே டயர்தான் போட வேண்டும் என்று சட்டம் இல்லை. பின் டயர்தான் எஞ்சினின் இழுப்பையும் பை மூட்டையின் எடையையும் வாங்கித் தேய்கிறது. பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். முன் சக்கரம் வழுக்கினால் விழுவதுதான். ஆகவே முன்னால் டி.கே.சி. 80, பின்னால் இ-07. மண் பாதி, தார் பாதி என்று ஓட்டுபவருக்கு இதைவிட நல்ல ஜோடி இல்லை. இதைத் திருப்பிப் போடாதீர்கள். பின்னால் பட்டன், முன்னால் ரோடு டயர் என்றால் பின் சக்கரம் தள்ளிக்கொண்டே போகும், சேற்றில் முன் சக்கரம் திரும்ப மறுக்கும்.

2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்த பிறகு, வெளிநாட்டு டயர்கள் கடைக்கு வருவது ஒழுங்காக இல்லை. கடை மூலையில் வருடக்கணக்கில் கிடந்த சரக்கும் புதுசு என்று விலைபோகிறது. சைடுவாலில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மூன்று வருடத்துக்கு மேல் பழையது என்றால் முழு விலை கொடுக்காதீர்கள். பக்கத்தில் எடை எண்ணையும் பாருங்கள்: 54 என்றால் 212 கிலோ, 64 என்றால் 280 கிலோ தாங்கும். ஹிமாலயனுக்கு முன்னால் 54, பின்னால் 64. இதற்குக் கீழே போகக் கூடாது. எழுத்து வேகத்தைச் சொல்லும். எஸ் என்றால் 180 கி.மீ., இந்த வண்டிகளுக்குத் தாராளம்.

மாட்டும்போது பஞ்சர் கடையில் கூடவே நில்லுங்கள். அம்புக்குறி சக்கரம் சுற்றும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். டியூபில் லேசாகக் காற்றுப் பிடித்து, உருண்டை வந்த பிறகே உள்ளே விட வேண்டும். சப்பையாக விட்டால் லீவர் கடித்து ஓட்டை விழும். டயரின் கடைசி ஒரு சாண் நீளத்தை ரிம்மில் ஏற்றும்போது முரட்டுத்தனமாக லீவர் போட வேண்டியிருந்தால், எதிர்ப்பக்கத்து பீட் (ரிம்மில் உட்காரும் டயரின் உள்விளிம்பு) ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறங்கவில்லை என்று பொருள்; முழங்காலால் மிதித்து இறக்கினால் கையாலேயே ஏறிவிடும். சோப்புத் தண்ணீர் தடவி, சைடுவாலில் எழுதிய உச்ச அளவைத் தாண்டாமல் காற்றடித்தால் பீட் உட்காரும். ரிம் ஓரமாக டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிகிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் உள்வாங்கியிருந்தால் காற்றை இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும், இல்லையென்றால் 60 கி.மீ. வேகத்தில் வண்டி குதிக்கும். வால்வு நட்டை ரிம்மோடு இறுக்காமல் மூடிக்கு அடியில் நிறுத்துங்கள். டயர் ரிம்மில் நழுவினால் வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கும். இறுக்கியிருந்தால் அடியோடு பிய்ந்துவிடும். வழியில் ஒரே ஒரு டியூப்தான் கொண்டுபோக முடியும் என்றால் 21 இஞ்ச் டியூபை எடுங்கள். பின் சக்கரத்திலும் அதைத் திணித்து மெதுவாக ஊர் சேரலாம்; 17 இஞ்ச் டியூப் முன் சக்கரத்துக்கு உதவாது.

முதல் 150 கி.மீ. வரை சாய்த்து ஓட்டவோ திடீர் பிரேக் பிடிக்கவோ வேண்டாம், புது டயரின் மேல்தோல் வழுக்கும்.

காற்று: 411-க்குத் தனியாகப் போகும்போது முன் 25, பின் 32 பி.எஸ்.ஐ., டயர் குளிர்ந்திருக்கையில் அளந்து. ஜல்லிப் பாதையில் முன் 22, பின் 26 வரை இறக்கலாம். தேரி மணலில் முன் 18, பின் 20. டியூப் போட்ட சக்கரத்தில் அதற்கும் கீழே போனால், ஒரு கல்லில் ஏறியதும் ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். மணலை விட்டுத் தார் ஏறியதும் அங்கேயே கைப்பம்பால் பழைய அளவுக்கு அடித்துவிடுங்கள். 18-லேயே வேகம் எடுத்தால் டியூப் சூடேறி, பழைய பஞ்சர் ஒட்டுகள் முதலில் விடும்.