பழைய டியூப் டிவியில் ஸ்பெக்ட்ரம் படங்கள்: மூன்று வருட அனுபவம்

மூன்று வருடத்துக்கு முன்னால் மார்த்தாண்டத்தில் ஒரு பழைய சாமான் கடையில் 14 இன்ச் டியூப் டிவி ஒன்றை 600 ரூபாய்க்கு வாங்கினேன். "மக்களே, இதக் கொண்டு போயி என்ன செய்யப் போற?" என்று கடைக்காரர் கேட்டார். ஸ்பெக்ட்ரம் என்ற 1980களின் வீட்டுக் கம்ப்யூட்டரில் வரைந்த படங்கள் பார்க்க என்றேன். மேலே கேட்காமல் துடைத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாலு ராத்திரியாவது அதன் முன்னால்தான் இருக்கிறேன்.

இணைப்பைச் சொல்லிவிடுகிறேன். ராஸ்பெர்ரி பை 3 என்ற கையளவு கம்ப்யூட்டர், அதில் ஸ்பெக்ட்ரம் போலவே நடந்துகொள்கிற ஃபியூஸ் எமுலேட்டர் மென்பொருள், பையின் 3.5 மி.மீ. துளையிலிருந்து மஞ்சள் பின் கேபிள் வழியாக டிவிக்கு. கேபிள் வாங்கும்போது கவனம், பார்க்க ஒன்றுபோல இருக்கும், சிலதில் கிரவுண்டும் வீடியோவும் இடம் மாறியிருக்கும், படமே வராது. பை தானாக அனுப்புவது என்டிஎஸ்சி என்ற அமெரிக்க டிவி முறை சிக்னல், அதை நம் ஊர் பிஏஎல் முறைக்கு மாற்றிவிடுங்கள். நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கடல் காற்றும் உண்டு, பின்கள் பச்சை பிடிக்கும். ஆடி மாதம் ஒரு தடவை டிவிக்குள் 'உஸ்ஸ்' என்று சத்தம் வந்தது. மெக்கானிக் திறந்து, டியூப்போடு சேரும் ரப்பர் மூடியைச் சுற்றி இருந்த ஈரத்தூசியைத் துடைத்துக் கொடுத்தார், சரியாகிவிட்டது. உள்ளே ஹை வோல்டேஜ் நிற்கும், நீங்களாகத் திறக்காதீர்கள்.

சரி, படங்களுக்கு வருகிறேன். இதே படங்களை மொபைலில் முன்பே பார்த்திருக்கிறேன், கட்டம் கட்டமாக, நிறம் பிசகினதுபோல இருக்கும், நகர்த்திவிட்டுப் போய்விடுவேன். பிசகாகத் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. ஸ்பெக்ட்ரம் திரை 256-க்கு 192 புள்ளி, அதை 8-க்கு 8 புள்ளியாகப் பிரித்தால் குறுக்கே 32 கட்டம், கீழே 24 கட்டம். ஒரு கட்டத்துக்குள் இரண்டு நிறம்தான் இருக்க முடியும். 1982-ல் அந்த மெஷின் வந்தபோது விலை குறைந்த மாடலில் மொத்த மெமரியே 16 கேபி. ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாக 16-ல் ஒரு நிறம் என்று வைத்தால் படம் மட்டுமே 24 கேபி கேட்கும். நிறத்தைக் கட்டத்துக்கு ஒரு பைட்டாக எழுதினதால் 6,912 பைட்டில் முழுத் திரையும் அடங்கியது. நான் படித்த பள்ளியில் பள்ளிகளில் கம்ப்யூட்டர் பழக்க மத்திய அரசு கொண்டுவந்த கிளாஸ் திட்டத்தில் வந்த பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் இருந்தது, அதில் எந்தப் புள்ளிக்கும் எட்டில் எந்த நிறமும் கொடுக்கிற ஒரு மோடு உண்டு, ஆனால் குறுக்கே 160 புள்ளிதான், அதற்கே 32 கேபியில் 20 கேபி போய்விடும்.

டியூப் டிவியில் என்ன மாறுகிறது என்றால், ஒன்று விட்டு ஒன்றாக வைத்த கறுப்பும் நீலமும் பக்கத்துப் புள்ளிக்குள் லேசாகக் கசிந்து ஒரு கருநீலமாகவே ஆகிவிடுகிறது, முகத்தின் நிழல், மேகத்தின் அடிப்பாகம் எல்லாம் அப்படித்தான் வருகின்றன, வரைந்தவர்கள் இந்தக் கசிவை எண்ணித்தான் புள்ளி வைத்திருக்கிறார்கள். எல்சிடியில் அதே இடம் சல்லடை மாதிரி தெரியும்.

இன்னொன்று, அந்தக் காலத்தில் இந்தப் படங்கள் கேசட்டிலிருந்துதான் லோடு ஆகும், எமுலேட்டரில் வேகமாக லோடு ஆகும் வசதியை அணைத்துவிட்டுப் பாருங்கள். கேசட் சத்தத்தோடு படம் வர சுமார் 40 விநாடி ஆகும். திரை மூன்று பாகமாக நிரம்பும், ஒவ்வொரு பாகத்திலும் எட்டு வரிக்கு ஒரு வரியாக, ஜன்னல் தட்டி விழுகிற மாதிரி கோடுகள் வந்து சேரும். அதுவரை வெறும் கோட்டுப்படம். கடைசி நாலைந்து விநாடியில் மேலிருந்து கீழே நிறம் இறங்கும், நீங்கள் பாறை என்று நினைத்துக்கொண்டிருந்தது ஒரு முகமாகிவிடும். இந்த 40 விநாடிக்காக மட்டுமே நான் எத்தனையோ படங்களைத் திரும்பத் திரும்ப லோடு செய்திருக்கிறேன்.

போன ஓணத்துக்குத் தோவாளையிலிருந்து மைனி வந்திருந்தார். நிறம் இறங்குவதைப் பார்த்துவிட்டு, "இது நம்ம மாணிக்கமாலை கணக்கால்லா இருக்கு" என்றார். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை, இவற்றை மடித்து வரிவரியாகக் கோர்க்கிற மாலை அது. அவர் கையில் பூவே இல்லாமல் விரலை மடித்து மடித்துக் காட்டினார், எந்த வரியில் சிவப்பு என்று எண்ணிவிட்டுத்தான் முதல் பூவையே எடுக்க வேண்டுமாம்.

அதற்கப்புறம்தான் நானே வரைய ஆரம்பித்தேன். மல்டிபெயின்ட் என்று ஒரு மென்பொருள், பழைய மெஷின்களின் கட்டுப்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு வரையலாம். மாத்தூர் தொட்டிப்பாலம் எடுத்தேன். தூண் ஒன்றுக்கு ஒரு கட்டம் அகலம் என்று வைத்தேன், பாலத்துக்கு 28 தூண், திரையில் 32 கட்டம், இடைவெளிக்கு நாலுதான் மிஞ்சும், நடக்காது. அதனால் கீழே ஆற்றங்கரையில் நின்று பார்க்கிற கோணத்துக்கு மாறி ஆறு தூண் மட்டும் வைத்தேன். அப்போது தென்னை ஓலை தூணின் விளிம்பில் வந்து விழுந்தது: வானத்துக்கு ஒரு நிறம், தூணுக்கு வெள்ளை, ஓலைக்குப் பச்சை, ஒரே கட்டத்தில் மூன்று. பச்சையை விட்டுவிட்டு ஓலையைக் கறுப்பாக்கி, மரத்தை மூன்று புள்ளி இடப்பக்கம் தள்ளி, வானத்தை மாலை மஞ்சளாக மாற்ற எனக்கு இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரம் முடிந்து பழைய படங்களைத் திரும்ப லோடு செய்தபோதுதான், ஒரு தோளின் வளைவு சரியாகக் கட்டத்தின் ஓரத்தில் போய் முடிவதையும், ஒரு மரம் ஏன் அவ்வளவு நேராக நிற்கிறது என்பதையும் பார்த்தேன். முன்பு நூறு தடவை பார்த்த படங்கள் அவை.

நேற்று பாலத்தை டேப் ஃபைலாகச் சேமித்து டியூப் டிவியில் ஓட்டினேன். தூண்கள் கோடுகோடாக வந்து நின்றன, கடைசியில் மேலிருந்து மஞ்சள் இறங்கியது. நாலாவது தூணின் அடியில் ஒரே ஒரு கட்டம் இன்னும் ஒத்துவரவில்லை, தண்ணீரின் நீலம் தூணுக்குள் ஏறுகிறது. இன்று ராத்திரி அதைத்தான் பார்க்க வேண்டும்.