10 சாரல் பாத்த வீடு: நேர்வாசல் பிளான் பத்தி என் அனுபவம்

போன வாரம்தான் ஆசாரி வந்து புறவாசல் நிலையோட அடிப்பக்கத்த ஒரு அடி உயரத்துக்கு அறுத்து எடுத்துட்டு புதுசா அயினி மரத் துண்டு பூட்டிட்டு போனாரு. ரெண்டாவது தடவை. அந்த மரத்தூளு கூட்டி முடிக்கல, மச்சினன் போன் பண்ணுதான், "அத்தான், உங்க வீட்டு பிளான் ஒரு ஜெராக்ஸ் எடுத்து அனுப்புங்க, அப்படியே கட்டிரலாம்னு இருக்கேன்"னு. அவன்கிட்ட போன்ல சொல்லி முடியாததத்தான் இங்க எழுதுதேன், வீடு கட்டப்போற வேற யாருக்காவது உதவட்டும்.

2016 தை மாசம் பால் காய்ச்சுனோம். செங்கோட்டையில இருந்து புளியரை போற வழியில மனை, கிழக்கு பாத்தது. 27 அடிக்கு 38 அடி, ஒரே தளம், ரெண்டு பெட்ரூம், அக்னி மூலைல (தென்கிழக்கு) அடுப்படி, கன்னி மூலைல (தென்மேற்கு) பெரிய ரூம், நடுவுல பட்டாசல், அதான் ஹாலு. எல்லா வீட்லயும் உள்ளதுதான், அத விடுங்க. எங்க வீட்டுல முக்கியமானது என்னன்னா தலைவாசலும் புறவாசலும் ஒரே கோட்டுல நேருக்கு நேர். நிலைக்கு நிலை 36½ அடி, நடுவுல ஒரு மறைப்பு கிடையாது. தலைவாசல்ல நின்னா புறவாசல் வெளிச்சம் தெரியணும், அப்பதான் வீடுன்னு அப்பா ஒத்தக்கால்ல நின்னாரு. இன்ஜினியர் புறவாசல 3 அடி வடக்க தள்ளி இன்னொரு பிளானும் வரைஞ்சு காட்டுனாரு, அத சொல்லாம விட்டா நியாயம் கிடையாது. நாங்கதான் வேண்டாம்னுட்டோம்.

இப்ப எங்க ஊரு காத்த பத்தி தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. மேற்குத் தொடர்ச்சி மலையில ஆரியங்காவு கணவாய் இருக்கு, அது வழியாத்தான் ஆனி ஆடியில தென்மேற்கு காத்து கேரளால இருந்து நேரா நம்ம மேல இறங்கும். குத்தாலத்துக்கு வாரவங்க சாரல் சாரல்னு ரசிக்கிறது இந்த காத்தோட வார தூத்தலத்தான். எங்க புறவாசல் சரியா மேற்க பாத்து நிக்கி. கதவ ஒரு சாண் திறந்தா போதும், தலைவாசல் டமார்னு அடிக்கும், சாமி விளக்கு அணையும், சுவத்துல காலண்டர் தாள் படபடன்னு அடிச்சுக்கிட்டே கிடக்கும். ஒரு நாள் எங்க வீட்டம்மா பட்டாசல்ல பேப்பர் விரிச்சு இடியாப்ப மாவு சலிச்சிட்டு இருந்தா, சின்னவ ஸ்கூல்ல இருந்து வந்து புறவாசல் கொண்டிய எடுத்துட்டா, அம்புட்டு மாவும் டிவி மேல. வீட்டம்மா அழல, அப்படியே எந்திரிச்சு போய் கதவ சாத்திட்டு கதவுலயே சாஞ்சு நின்னா பாருங்க, அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கல. அதுக்கப்புறம் சாரல் சீசன் மூணு மாசமும் அந்தக் கதவு பூட்டுனது பூட்டுனபடிதான். வெளிச்சத்துக்குன்னு வச்ச வாசல சாத்திட்டு பட்டப்பகல்ல லைட்டு போட்டு இருக்கோம். கதவு அடியில தண்ணி ஊறி ஊறி மரம் உப்பி நிலையும் இத்துப்போச்சு.

ஆனா ஒண்ணு, சித்திரை வைகாசியில இந்த வாசலக் குறை சொன்னா நாக்கு அழுகிரும். சாயங்காலம் 6 மணிக்கு ரெண்டு கதவையும் திறந்து போட்டு அந்த நேர்கோட்டுல தரையில துண்ட விரிச்சு படுத்தா ஃபேன் வேண்டாம், ஏசி இன்னைக்கு வரைக்கும் வாங்கல. அப்பா கடைசி ரெண்டு வருஷமும் அந்த இடத்துலதான் நார்க்கட்டில் போட்டு கிடந்தாரு, அங்க இருந்து ரெண்டு பக்கமும் யார் வாரா யார் போறான்னு பாத்துக்கிட்டே. அந்தக் கோட்டுக்கு அவரு ஆசைப்பட்டதுல தப்பு இல்லைன்னு அப்பதான் எனக்கு பட்டுச்சு. அடுப்படி கிழக்க இருக்கதால மேற்கு காத்துல தாளிக்கிற நெடி எல்லாம் வெளியதான் போகும், அதுவும் நல்லதுதான். ஐப்பசி கார்த்திகையில காத்து மாறும்போது மட்டும் மீன் பொரிச்ச வாடை கன்னி மூலை வரைக்கும் வரும்.

இதுல நான் வீடு கட்டி அஞ்சு வருஷம் கழிச்சு புரிஞ்சுக்கிட்ட விஷயம், நேருக்கு நேர் வாசல் வச்சா காத்து அந்தக் கோட்டுல மட்டும்தான் ஓடும். ரெண்டு பக்கமும் இருக்கிற ரூமுக்குள்ள திரும்பாது. பட்டாசல்ல பேப்பர் பறக்கும்போது பெட்ரூம்ல வேர்த்து ஊத்தும். வாசல கொஞ்சம் விலக்கி வச்சிருந்தா காத்து வளைஞ்சு சுத்திப் போகும், வேகமும் கொறையும், மூலை முடுக்கெல்லாம் காத்து படும். இன்ஜினியர் தள்ளி வரைஞ்ச 3 அடிக்கு அர்த்தம் அதுதான், ஆனா அவரு அத வாயத் திறந்து சொல்லல, வாஸ்துக்கும் இது ஓகேன்னு மட்டும் சொன்னாரு. காத்து இப்படி வரும்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா அப்பாவே கேட்டிருப்பாரு. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கு. போதாததுக்கு மேற்கு சன்னலுக்கு ஒன்றரை அடி சன்ஷேடு, சாஞ்சு அடிக்கிற சாரலுக்கு அது எந்த மூலைக்கு? கன்னி மூலை ரூம்ல மேற்கு சுவத்த ஒட்டி பீரோ போட்டோம், ஈரம் ஏறி கல்யாணப் பட்டுல பூசணம் பிடிச்சிட்டு.

மலைக்கு அந்தப் பக்கம் புனலூர்ல எங்க சித்தி மக வீடு இருக்கு. அங்க அடுப்படிக்குப் பின்னால ஒர்க் ஏரியான்னு கம்பி போட்ட ஒரு இடம் எல்லா வீட்லயும் இருக்கும், வெளிக்கதவு அதுக்குள்ளதான் திறக்கும், மழை நேரா வீட்டுக்குள்ள வராது. நம்மட்ட வெறும் துவைகல்லும் அங்கணமும் வானத்த பாத்து கிடக்கும். அப்புறம் 2019ல அம்மா கண் ஆபரேஷனுக்கு திருவனந்தபுரம் போனப்ப லாரி பேக்கர்ங்கிற கட்டிடக் கலைஞர் கட்டுன சென்டர் ஃபார் டெவலப்மென்ட் ஸ்டடீஸ் வளாகத்த பாத்தேன். செங்கல இடைவெளி விட்டு அடுக்குன ஜாலி சுவரு, உள்ள காத்து மெதுவா வருது, வெளிச்சம் பொட்டு பொட்டா தரையில விழுது. கைய அந்த ஓட்டையில வச்சு பாத்துக்கிட்டே நின்னேன்.

ஊருக்கு வந்ததும் புறவாசலுக்கு 4 அடி தள்ளி 8 அடி அகலம், 7 அடி உயரத்துக்கு 9 இஞ்சு ஜாலி சுவரு ஒண்ணு எழுப்பி மேல தகரம் போட்டேன். சாரல் துளி செங்கல்ல அடிச்சு அங்கனயே வழிஞ்சிரும், காத்து மட்டும் வரும். சாதாரண நாள்ல இப்ப கதவ பாதி திறந்து வைக்க முடியுது. காத்து பேய் மாதிரி வீசுற நாள்ல அதுக்கும் அடங்காது, அதனாலதான் நிலை மறுபடியும் போச்சு.

பிளான் போடுறவங்களுக்கு நான் சொல்லுறது இதுதான், பேப்பர்ல பாத்து தலையாட்டாதீங்க. மனையில கயிறு கட்டி சுண்ணாம்புப் பொடியில கோடு போட்டு, வாசல் வார இடத்துல ஆடி மாசம் ஒரு நாள் போய் நில்லுங்க, வேட்டி எந்தப் பக்கம் பறக்குன்னு பாருங்க. முடிஞ்சா சித்திரையில ஒரு தடவையும். காத்து வார பக்கம் பீரோ வைக்க சுவரு விடாதீங்க, சன்ஷேட 2½ அடிக்கு கொறைக்காதீங்க.

வீடு எனக்கு பிடிக்கும், எங்க அப்பா படுத்திருந்த இடம் அது. ஆனா மச்சினனுக்கு ஜெராக்ஸ் அனுப்ப மாட்டேன். "மாப்ளே, ஆடி பொறந்ததும் அக்கா வீட்டுக்கு வா, ரெண்டு ராத்திரி அந்த மேற்கு ரூம்ல படு, கதவு அடிக்கிற சத்தத்த கேளு, அப்புறம் பேசுவோம்"னு சொல்லிருக்கேன். வாரேன்னு சொல்லிருக்கான்.