கேட்டிலேயே சார்ஜரா, தனி யார்டா?

விமான நிலையத்தில் பெட்டிகளை இழுத்துப் போகும் மின் டிராக்டர்களுக்கு எங்கே சார்ஜ் போடுவது: விமானம் வந்து நிற்கும் கேட்டிலேயா, சார்ஜுக்கென்றே ஒதுக்கிய தனி யார்டிலா? தனி யார்டு என்றால் மின் இணைப்பும் பராமரிப்பும் ஒரே இடத்தில் முடிந்துவிடும். ஈய-அமில பேட்டரிக்கு அதுதான் சரி: முழுதாக ஏற 8 மணி நேரம் போல ஆகும், ஹைட்ரஜன் வாயு வேறு வெளியாகும்.

லித்தியம் வண்டி என்றால் என் ஓட்டு கேட்டுக்குத்தான். இரண்டு விமானங்களுக்கு நடுவே 20 நிமிடம் கிடைத்தாலும் செருகிவிடலாம். யார்டுக்குப் போய்வரும் வெற்று ஓட்டமும் மிச்சம். அமெரிக்காவின் சியாட்டில்-டகோமா விமான நிலையத்தில் கேட் அருகிலேயே சார்ஜர் வைத்தார்கள். புது கேபிள்கூட எப்போதும் தேவைப்படாது. பயணிகள் விமானத்துக்குள் நடந்துபோகும் ஏறுபாலத்தின் மோட்டார், விமானம் வரும்போதும் கிளம்பும்போதும்தான் ஓடும். மற்ற நேரத்தில் அந்த மின்சாரத்தைச் சார்ஜருக்குத் திருப்பலாம். ஒரே தலைவலி இடம்தான்: கேட் பக்கம் வண்டி நிறுத்தவே நெரிசல்.