பிஸ்டலை யாரிடம் கொடுப்பது? பாலக்காடா, கோவையா, டெல்லியா?

துப்பாக்கி சுடும் போட்டிக்கு முந்தைய சோதனை மேசையில் 500 கிராம் எடைக்கல்லை என் பிஸ்டலின் ட்ரிகரில் மாட்டி மெல்லத் தூக்கினார்கள். டக். கல் மேசையை விட்டு எழும்பவே இல்லை. மொத்தம் மூன்று வாய்ப்பு. மூன்றிலும் டக். காற்றழுத்தத்தில் சுடும் பத்து மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு ட்ரிகர் எடை 500 கிராமுக்குக் குறையவே கூடாது. என்னுடையது குறைந்திருந்தது. இரண்டு வாரம் முன்பு, "கொஞ்சம் லேசாக்கித் தர்றேன், அப்புறம் பாருங்க" என்று சொன்ன ஒருவரிடம் கொடுத்து வாங்கியதன் பலன் அது.

அங்கேயே அலன் சாவியை எடுத்துத் திருகி, மறுபடி வரிசையில் நின்று பாஸ் வாங்கினேன். ஆனால் இரண்டு வாரம் பழகிய ட்ரிகர் அது இல்லை. விரல் ஒரு இடத்தில் அழுத்தம் எதிர்பார்க்கும், அது வேறு இடத்தில் வந்து நிற்கும். அன்றைய ஸ்கோரைச் சொல்லப் போவதில்லை. முன்சோதனையிலேயே மாட்டியதும் ஒரு வகையில் நல்லதுதான். சுட்டு முடித்தபின் நடக்கும் சோதனையில் சிக்கியிருந்தால் நேரே தகுதிநீக்கம்.

அதன் பிறகுதான் யாரிடம் எந்த வேலையைக் கொடுக்கலாம் என்று ஒழுங்காக யோசித்தேன். எனக்கு ஊர் கேரள எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். மேற்கே போனால் பாலக்காடு, வேலந்தாவளம் தாண்டினால் கோவை. இரண்டு ஊரிலும் கைத்திறனுக்குக் குறைவில்லை. கம்பெனி சர்வீஸ் வேண்டுமென்றால் டெல்லிக்கு ரயில் ஏற வேண்டும்.

பாலக்காட்டில் தலைமுறையாகத் துப்பாக்கி வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் முதலில் போனேன். அவருக்கு இப்போது ஓயாத வேலை. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022இல் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. பரணில் கிடந்த 12 போர் (குழல் அளவு) துப்பாக்கிகள் பலவும் அதன்பின் இவர் மேசைக்கு வந்திருக்கின்றன. என் பிஸ்டலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதில் தோட்டா எவிடெ மோனே?" என்றார். கடுகு டப்பா போன்ற பெல்லட் (சின்னக் குண்டு) டப்பாவை நீட்டினேன். சிரித்துவிட்டார்.

ஆனாலும் குறிபார்க்கும் பின்பக்க சைட்டில் ஒரு திருகு ஆடுவதை நான் சொல்லாமலே கண்டுபிடித்து, கழற்றி, தேய்ந்த மரையைப் பார்த்து, சரியான திருகு போட்டுக் கொடுத்தார். இரும்பு, ஸ்பிரிங், உடைந்த கட்டை, துரு என்றால் அவரை மிஞ்ச ஆளில்லை. ட்ரிகரை மட்டும் அவரிடம் கொடுக்க மாட்டேன். அவர் கைக்குப் பழகிய ட்ரிகர் இரண்டு கிலோ அளவில் இழுப்பது. எனக்குச் சண்டை பத்து, இருபது கிராமுக்கு. அந்த எடைக்கல்லே அவர் கடையில் கிடையாது, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

சரி, தோட்டா போட்டுச் சுடும் .22 பிஸ்டல் என்றால் கதை வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, தோட்டாத் துப்பாக்கியைப் பழுது பார்ப்பவருக்கும் உரிமம் வேண்டும்; வைத்திருப்பவருக்கு இருந்தால் மட்டும் போதாது. அங்கே லேத் பட்டறை, மர ஆசாரி, கிளப்பில் தெரிந்த அண்ணன் எல்லாம் கணக்கிலேயே இல்லை, உரிமம் உள்ள கடைதான். எல்லையில் இருக்கும் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. உங்கள் உரிமம் கேரளத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் என்றால், வாளையாறு தாண்டி .22 பிஸ்டலைக் கோவைக்குக் கொண்டுபோனாலே குற்றம். உரிமத்தில் எந்தப் பகுதி எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் பிஸ்டலுக்கு உரிமம் தேவையில்லை. போட்டி பிஸ்டல் ஐந்து ஜூலைச் சுற்றித்தான் வரும். கீழே நான் சொல்வதெல்லாம் ஏர் பிஸ்டலுக்கு மட்டுமே.

கோவையில் கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறை. பம்ப் மோட்டார் உதிரிபாகம் கடைபவர்கள். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்றால் அவர்களுக்குப் பேச்சுவாக்கில் வரும் கணக்கு. பிஸ்டலின் முன்பக்கம் கொஞ்சம் கனம் வேண்டும் என்று ஒரு சின்ன எடைத்துண்டு கடைந்து தரச் சொன்னேன்.

"ஏனுங்க தம்பி, இதுல சுட்டா என்னங்க விழும்?"

"பேப்பர்ல ஓட்டை விழும்ங்க."

"அதுக்கா இவ்ளோ வெலைங்க?"

துண்டு அரை மணி நேரத்தில் தயார். இம்மி பிசகவில்லை. துண்டு மாட்டியபின் மொத்த எடை 1500 கிராமைத் தாண்டக் கூடாது, 420க்கு 200க்கு 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் பிஸ்டல் அடங்க வேண்டும். வீட்டில் அட்டைப் பெட்டி செய்து அளந்து பார்த்துக்கொண்டேன். அவர் உற்சாகத்தில் காற்று நிரப்பும் அடாப்டரும் செய்து தருவதாகச் சொன்னார். கும்பிட்டுவிட்டு வந்தேன். பிஸ்டலின் சிலிண்டரில் இருப்பது 200 பார் அழுத்தக் காற்று, ஸ்கூட்டர் டயரைப் போல நூறு மடங்கு. அது எந்த எஃகு, எந்தச் சோதனை என்று கேட்கவும் ஆளில்லாத துண்டை அதில் மாட்ட எனக்கு மனசில்லை. சிலிண்டருக்கே பத்து ஆண்டுதான் ஆயுள். தேதி தாண்டியிருந்தால் போட்டியில் விடமாட்டார்கள்.

பணம் கொடுத்து நான் செய்த வேலைகளில் ஸ்கோருக்கு அதிகம் உதவியது எது என்று கேட்டால், எங்கள் ஊர் ஆசாரி செய்ததுதான். கதவு, ஜன்னல், கட்டில் செய்பவர். துப்பாக்கியைத் தொட்டதே கிடையாது. நான் குழலையும் சிலிண்டரையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு, வால்நட் கட்டையாலான கைப்பிடியை, அதாவது கிரிப்பை மட்டும் எடுத்துப் போனேன்.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்கு: இலக்கில் பத்துப் புள்ளி தரும் நடு வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். நல்ல கம்பெனி பிஸ்டலைக் கிடுக்கியில் பூட்டிச் சுட்டால், பத்துக் குண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே ஓட்டையில் போகும். ஆக, எட்டும் ஏழும் விழுவது என் கையால்தான். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் உள்ளங்கை ஒரே இடத்தில் உட்காராவிட்டால், ட்ரிகரை எவ்வளவு சீவினாலும் பயனில்லை.

ஆசாரி என்ன செய்தார் தெரியுமா? என் கையில் காவிப்பொடியைக் குழைத்துப் பூசி, கிரிப்பைச் சுடுவதுபோலப் பிடிக்கச் சொன்னார். கையை எடுத்துப் பார்த்தால் கட்டையில் காவி திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. கட்டைவிரல் அடியில் அழுத்தமாக, உள்ளங்கைக் குழியில் ஒன்றுமே இல்லை. "இங்க காத்து போகுது பாருங்க" என்றார். எபாக்ஸியில் மரத்தூள் கலந்து குழியை நிரப்பி, மேட்டை அரத்தால் கொஞ்சம், உப்புத்தாளால் கொஞ்சம் என்று தேய்த்து, மறுபடி காவி. நாலு தடவை. ஐந்தாம் தடவை காவி கட்டை முழுக்கச் சீராக ஒட்டியது. கூலி 600 ரூபாய், ஒரு சாயா.

கீழே கை தாங்கும் தட்டை, "அழகா மேல வளைச்சு விட்டுரட்டா?" என்று கேட்டார். அங்கே மட்டும் தடுத்தேன். அந்தத் தட்டு கிரிப்புக்கு 90 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மேலே வளைந்து கையைக் கவ்வினால் சோதனையில் போச்சு. ஆசாரிக்கு விதி தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நம் வேலை.

இனி டெல்லி. கம்பெனி பயிற்சி பெற்ற டெக்னீஷியன், அசல் உதிரிபாகம், எடைக்கல், குண்டின் வேகம் பார்க்கும் கருவி எல்லாம் ஒரே மேசையில். உலகக் கோப்பைப் போட்டிகளில் ஸ்டெயர், மொரினி, வால்தர் போன்ற தயாரிப்பாளர்களே ஆள் அனுப்பிச் சர்வீஸ் செய்வதும் வழக்கம். பிரச்சினை தூரமும் நாளும்தான். கேரளா எக்ஸ்பிரஸில் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். விமானம் என்றால் சிலிண்டரைக் காலி செய்துதான் ஏற்ற விடுவார்கள். உதிரிபாகம் இருப்பில் இல்லையென்றால் சீசனே போய்விடும்.

இருந்தாலும் ஒரு வேலைக்கு அங்கேதான் போக வேண்டும்: ரெகுலேட்டர். சிலிண்டரின் 200 பார் காற்றை ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவாகக் குறைத்து அனுப்புவது அது. அதன் சீல் தேய்ந்தால், ஓய்வெடுத்துவிட்டுச் சுடும் முதல் குண்டு மட்டும் வேகமாகப் போகும், பிறகு சரியாகிவிடும். இதைக் கைத்தவறு என்று நினைத்து நான் இரண்டு மாதம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். வேகக் கருவியில் பத்துக் குண்டு சுட்டுப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. இந்தச் சீலை உள்ளூரில் ஏதோ ஒரு ரப்பர் வளையம் போட்டு ஒப்பேற்றுபவர்களும் உண்டு. நான் ஒப்ப மாட்டேன்.

பழுது யாருக்கும் வரும். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றின் நடுவில் மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகி, சரிசெய்து வருவதற்குள் நிமிடங்கள் கரைந்தன. 575 புள்ளி, 12ஆம் இடம். 2024இல் பாரீஸில் அவர் இரண்டு வெண்கலம் வாங்கியது எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதில் உறைத்தது, 60 குண்டுக்குக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பாலக்காடும் உதவாது, டெல்லியும் உதவாது என்பது. அதனால் ட்ரிகரை நானே கற்றுக்கொண்டேன். கையேட்டில் எல்லாம் இருக்கிறது: முதல் கட்ட எடைக்கு ஒரு திருகு, இரண்டாம் கட்டத்துக்கு ஒன்று, அடித்த பிறகு விரல் நிற்கும் இடத்துக்கு ஒன்று. ஒரு திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் தொடுவதில்லை. உள்ளே இருக்கும் கொக்கியை யாரும் அரம் கொண்டு தொட விடுவதும் இல்லை. தேய்த்ததை ஒட்ட முடியாது.

இப்போது என் ட்ரிகர் 520 கிராம். வெயிலில், மழையில், அடுத்த ஊர் எடைக்கல்லில் என்று எங்கே தூக்கினாலும் எழும்ப அந்த இருபது போதும். திருகு எத்தனை சுற்றில் நிற்கிறது என்று பெட்டி மூடியின் உள்ளே டேப் ஒட்டி எழுதி வைத்திருக்கிறேன். எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் கட்டை ஊறிக் கட்டைவிரல் பக்கம் மறுபடி இறுக்குகிறது. சனிக்கிழமை ஆசாரியிடம் போகிறேன். காவிப்பொடி அவரிடம் தீர்ந்துவிட்டதாம், நான்தான் வாங்கிப் போக வேண்டும்.