வாதாடாத துணிச்சல்: ‘தி கேரட் சீட்’

விதை, வசந்தம், வளர்வது என்று சிறுவர்களுக்கான படப் புத்தகங்கள் ஏராளம். 2 முதல் 5 வயதுப் பிள்ளைக்கு அவற்றில் ஒன்றுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால், ரூத் கிராஸ் எழுதி அவருடைய கணவர் கிராக்கெட் ஜான்சன் படம் வரைந்த ‘தி கேரட் சீட்’டை வாங்குங்கள். 1945இல் அமெரிக்காவில் வெளியான புத்தகம். மொத்தமே சுமார் 100 சொற்கள்தான்.

ஒரு பையன் கேரட் விதை ஊன்றுகிறான். முளைக்காதோ என்று அம்மாவுக்குப் பயம், அப்பாவுக்கும் அதே பயம். அண்ணன் மட்டும் முளைக்காது என்று வெட்டிச் சொல்லிவிடுகிறான். பையன் யாரிடமும் வாதாடுவதில்லை. தினமும் களை பிடுங்குகிறான், தண்ணீர் தெளிக்கிறான். புத்தகத்தின் அருமையே இதுதான். துணிச்சல் என்றதும் சிங்கத்தையும் பூதத்தையும் எதிர்க்கவிடும் கதைகளுக்கு நடுவே, நம்பியதற்கான வேலையைத் தினமும் செய்வதுதான் துணிச்சல் என்று இது காட்டுகிறது.

படங்களில் பெரும்பாலும் பழுப்பும் மஞ்சளும்தான். பளிச்சென்ற நிறங்களுக்குப் பழகிய பிள்ளைக்கு முதல் தடவை சப்பென்று இருக்கலாம். அந்த அடக்கம் வேண்டுமென்றே செய்தது. கடைசியில் தள்ளுவண்டி கொள்ளாத கேரட் வரும்போதுதான் அதன் பலன் தெரியும். அதனால் முதல் வாசிப்புக்கு முன் கடைசிப் பக்கத்தைப் பிள்ளை புரட்டிப் பார்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகமாகப் படித்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், கதையும் செத்துவிடும். எதுவும் முளைக்கவில்லை என்று வரும் இடங்களில் மூச்சு விடும் நேரம் நிறுத்தி, பிள்ளை மண்ணைப் பார்க்கட்டும். அம்மா அப்பாவின் வரிகளைக் கேலியாகப் படிக்காதீர்கள். அது கவலைக் குரல். முடித்ததும் நீதி சொல்லவும் வேண்டாம்.

படித்த கையோடு விதை ஊன்றக் கேட்பார்கள். கேரட்டே போடலாம், ஆனால் காலம் முக்கியம். மண் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் முளைப்பு சரிந்துவிடும். அதனால் நம் சமவெளியில் நவம்பர் முதல் ஜனவரிக்குள் விதைப்பது நல்லது. ஓர் அடி ஆழமுள்ள தொட்டியில், கல்லும் கட்டியும் இல்லாத பொலபொல மண் நிரப்புங்கள். கல் தட்டினால் கேரட் இரண்டாகப் பிரிந்து வளரும். நாற்று விட்டு நடாமல், நேரடியாக ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில், வரிசையாக விதைக்க வேண்டும். தண்ணீரை ஊற்றினால் விதை அடித்துக்கொண்டு போகும், தெளிக்கத்தான் வேண்டும். முளைக்க 10 நாள் முதல் 2 வாரம் ஆகும். அதுவரை மேல்மண் ஒரு பொழுதும் காயக் கூடாது, அதற்கு ஈரச் சாக்கு மூடலாம். முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிடுங்கள்.

பெரும்பாலான இடங்களில் கெட்டுப்போவது இதற்குப் பிறகுதான். கேரட்டின் முதல் இரண்டு இலைகள் அச்சு அசல் புல் மாதிரி இருக்கும். கதைப் பையனைப் போல் களை எடுக்கிறேன் என்று பிள்ளை கேரட்டையே பிடுங்கிவிடும். வரிசையில் இடையிடையே முள்ளங்கி விதையும் போட்டால் அது நாலைந்து நாளில் முளைத்து வரிசையைக் காட்டிக்கொடுக்கும். கேரட் அறுவடைக்குச் சுமார் 3 மாதம் ஆகும், தள்ளுவண்டி அளவுக்கு வராது என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

3 வயதுக்குள் என்றால் கெட்டி அட்டைப் பதிப்பை வாங்குங்கள், கிழியாது. அதற்கு மேல், படம் பெரிதாக இருக்கும் சாதாரணப் பதிப்பு.

4 வயது தாண்டியவர்களுக்கு அடுத்ததாக எரிக் கார்ல் எழுதிய ‘தி டைனி சீட்’ தரலாம். அதில் ஒரு விதை வெயிலில் எரிகிறது, ஒன்று கடலில் மூழ்குகிறது, ஒன்றை எலி தின்கிறது. இளகிய மனசுள்ள பிள்ளைகள் கலங்கிவிடும். முதல் முறை தூங்கும் நேரத்தில் படிக்காமல் பகலில் படியுங்கள்.