பாலைவன ஓவியம் ஏந்திய பட்டுச் சால்வை: உரிமத்துடன் வந்த ஒரு பொருள் பற்றிய மதிப்பீடு

அவுஸ்திரேலியப் பூர்வகுடி ஓவியம் ஒன்றை உரிமம் பெற்று அச்சிட்டு, வரையறுத்த எண்ணிக்கையில் மட்டும் வெளியிட்ட பட்டுச் சால்வையையும், அதே ஓவியம் பதித்த சிறு கைப்பையையும் மெல்பேர்ணில் வாழும் என் மச்சாள் அனுப்பியிருந்தார். திருகோணமலையின் வெயிலிலும் உப்புக் காற்றிலும் இரண்டையும் போதுமான காலம் பயன்படுத்திப் பார்த்துவிட்டே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

முதலில் ஓவியம். அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 290 கிலோமீற்றர் தொலைவிலுள்ள யுவண்டுமு என்னும் ஊரில், ஓவியர்களே உரிமையாளர்களாக இருந்து 1985 முதல் நடத்திவரும் வார்லுகுர்லங்கு கலை நிலையத்திலிருந்து இது வருகிறது. அப்பகுதிப் பூர்வகுடியினரான வல்பிரி மக்களின் மினா மினா மரபுக்கதையே இதன் பொருள்: ஆதி காலத்துப் பெண்கள் ஆடிய நிலத்திலிருந்து கிழங்கு தோண்டும் கோல்கள் எழுந்தன என்றும், அவற்றை ஏந்தியபடி அவர்கள் ஆடிப் பாடிக் கிழக்கு நோக்கி நடந்தனர் என்றும் அக்கதை கூறுகிறது. சால்வையில் நெளிந்தோடும் கோடுகள் மரங்களைச் சுற்றிப் படரும் ஒரு கொடியையும், நேர்கோடுகள் அக்கோல்களையும் குறிக்கின்றன. இக்கதையை விரும்பிய எவரும் வரைந்துவிட முடியாது. உறவுமுறையால் அதற்கு உரியவர்களுக்கே அந்த உரிமை உண்டு. அழகுக்காக இட்ட புள்ளிகள் என்று எண்ணி இதை வாங்குபவர் பாதியைத்தான் வாங்குகிறார்.

இதனாலேயே, பட்டைவிடப் பெட்டிக்குள் இருந்த அட்டையை நான் அதிகம் மதிக்கிறேன். ஓவியரின் பெயர், அவருடைய ஊர், கதையின் சுருக்கம், உரிமம் வழங்கிய நிலையம் ஆகிய அனைத்தும் அதில் உள்ளன. இத்தகைய அட்டை எளிதில் வந்துவிடவில்லை. 1966ஆம் ஆண்டு அவுஸ்திரேலியா ஒரு டொலர் தாளை வெளியிட்டபோது, வட அவுஸ்திரேலியாவின் ஆர்னம் லாண்ட் பகுதியைச் சேர்ந்த பூர்வகுடி ஓவியர் டேவிட் மலங்கியின் மரப்பட்டை ஓவியம் அவரிடம் கேளாமலேயே அதில் இடம்பெற்றது. விடயம் வெளியே வந்த பின்னரே அவருக்கு 1,000 டொலரும் ஒரு பதக்கமும் வழங்கப்பட்டன. பூர்வகுடி ஓவியர்களின் படைப்புகளை அனுமதியின்றி வியட்நாமில் கம்பளங்களாக நெய்து இறக்குமதி செய்த நிறுவனத்துக்கு எதிராக 1994இல் சமஷ்டி நீதிமன்றம் தீர்ப்பளித்து, ஏறத்தாழ 188,000 டொலர் இழப்பீடு வழங்குமாறு கட்டளையிட்டது. புனிதமான ஓர் உருவம் காலால் மிதிக்கும் கம்பளத்தில் வந்ததால் ஓவியர்கள் தம் சமூகத்தின் முன் அடைந்த மனவேதனையையும் அந்தத் தீர்ப்பு கணக்கில் எடுத்தது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அதன் பின்னரும் போலிகள் ஓயவில்லை: இந்தோனேசியாவில் செய்த நினைவுப் பொருள்களைப் பூர்வகுடியினரின் கைவேலை என்று தோன்றும்படி விற்ற பிருபி ஆர்ட் நிறுவனத்துக்கு 2019இல் 23 இலட்சம் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது.

இனிப் பயன்பாடு. சால்வையின் பட்டு மெல்லியது. உட்துறைமுக வீதியில் மாலை நடைக்குக் கழுத்தில் இட்டாலும் புழுக்கம் தெரிவதில்லை. மிதமான சோப்பு நீரில் கையால் அலசி நிழலில் உலர்த்தி வருகிறேன். காவியும் ஊதாவும் இன்னும் மங்கவில்லை, ஓரத் தையலும் பிரியவில்லை. அச்சு பின்பக்கத்திலும் ஏறத்தாழ அதே அழுத்தத்துடன் தெரிவதால் எந்தப் பக்கம் திரும்பினாலும் குறையில்லை. கைப்பையைப் பற்றி இவ்வளவு நல்லதாகச் சொல்ல இயலாது. அதன் சிப்பு நம் கடற்காற்றில் விரைவிலேயே துருவேறி இறுகிவிட்டது, உள்துணியும் மலிவானது.

விலை, ஓரளவு நல்ல பட்டுச் சேலை ஒன்றின் விலைக்கு வந்துவிடுகிறது. அஞ்சற் செலவும் சுங்கத் தீர்வையும் வேறு. அந்த விலையைக் கொடுப்பவருக்குத் தெரியவேண்டிய இரண்டு விடயங்களைத் தயாரிப்பாளர் சொல்லவில்லை. ஓவியருக்குச் சேரும் பங்கு எவ்வளவு என்று அட்டையில் இல்லை. துணி எங்கே அச்சாகி எங்கே தைக்கப்பட்டது என்பதும் இல்லை. தொடரிலக்கம் அட்டையில் மட்டும் உள்ளதே தவிரத் துணியில் இல்லை. அட்டை தொலைந்துவிட்டால் இது வரையறுத்த எண்ணிக்கையில் வந்த சால்வை என்பதற்கு எந்தச் சான்றும் மிஞ்சாது. சிறிய எண்ணிக்கை என்பது வாங்குபவரின் பெருமைக்காக மட்டும் இருக்கக்கூடாது. தன் ஓவியம் எத்தனை பொருளில், எவ்வளவு காலத்துக்குப் பயன்படும் என்பதை ஓவியர் தம் கையில் வைத்திருப்பதற்கான வழியாகவும் அது இருக்கவேண்டும்.

உப்புவெளிக் கடற்கரையோரக் கடைகளில் புள்ளியிட்ட ஆமையும் பல்லியும் பதித்த பைகள் தொங்கும்போது, அவற்றை யார் வரைந்தார் என்று கேட்டால் விற்பவரிடம் பதில் கிடைப்பதில்லை. இந்தக் கேள்வி நமக்குத் தொலைவானதும் அல்ல. இதே மாவட்டத்தில், மூதூர், வெருகல் பக்கங்களில், தமிழ் பேசும் கரையோர வேடர் என்னும் பூர்வகுடிச் சமூகத்தினர் வாழ்கின்றனர். அவர்களுடைய சடங்குகளும் அடையாளங்களும் நாளை ஒரு சுற்றுலாப் பையில் அச்சாகுமானால், அவர்களிடம் அனுமதி கேட்கப்படுமா, பெயர் போடப்படுமா, பங்கு கொடுக்கப்படுமா? இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது; ஆனால் கடையில் நின்று கேட்பவர் இல்லாவிட்டால் அந்தப் பாதுகாப்பு ஏட்டிலேயே நின்றுவிடும்.

சால்வையை வாங்கலாம் என்று மனமாரச் சொல்வேன்; கைப்பையை, சிப்பை மாற்றும்வரை, கடலோர ஊரில் இருப்பவர்களுக்குப் பரிந்துரைக்கமாட்டேன். வாங்குவோர் ஓவியர் பெயரும் கலை நிலையத்தின் பெயரும் அச்சிட்ட அட்டை உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். இயலுமானால், ஓவியர்கள் உரிமையாளர்களாக உள்ள நிலையங்களிடமே நேரடியாக வாங்குங்கள்.